பட்டாவில் பெயரில்லாத பாட்டிமார்

பேரணையில் தொடங்கிக் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் விளைகிற பூமி நம்முடையது. 1895ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் வைகைக்குத் திரும்பிய பிறகுதான் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து வயல்கள் இப்படிப் பச்சை பிடித்தன. அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயர் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்த மடையில் எத்தனை ஏக்கர் பாய்கிறது என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. எந்த வயல் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. அந்தச் சேற்றில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் குனிந்து நாற்று நட்ட பெண்கள் யார் யார் என்ற கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

நட்டவர்களில் ஏராளமானோர் நம் தெருப் பெண்கள். நம் பாட்டிமார், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களையும் பெற்றவர்கள். நிலம் இல்லாததால் பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. படிக்க வைக்காததால் பள்ளிப் பதிவேட்டில் இல்லை. புதைத்த இடத்தில் கல் நடாததால் மயானத்திலும் இல்லை. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரைக் கேட்டால் நம்மில் எல்லோரும் சொல்லிவிடுவோம். அந்தப் பாட்டியைப் பெற்றவள் பெயரைக் கேட்டால் யோசிக்கிறோம். இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் வாயடைத்து நிற்கிறோம்.

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது சில நாவல்களைப் பற்றி. வயலில் ஆரம்பித்து நாவலுக்கு ஏன் வருகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். பதிவேடு கைவிட்ட பெண்களைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் கதையிடம்தான் வந்து சேருகிறார்கள். நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. கடல் கடந்து இன்னொரு கூட்டத்துப் பெண்களுக்கும் இதுவே நடந்தது.

வயது உண்டு, பெயர் இல்லை

அமெரிக்காவில் 1850லும் 1860லும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே அடிமையின் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று வரிசையாக இருக்கும். அடிமையின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அடுத்த வரியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. இருவரும் தாயும் மகளுமா, இல்லை வேறு வேறு சந்தையில் வாங்கப்பட்டவர்களா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த மௌனத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் டோனி மாரிசன். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றின் மேல் நடந்து குடும்பத்தோடு தப்பி வந்தார். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, மறுபடியும் அடிமையாகப் போவதைவிடச் சாவது மேல் என்று தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டார். அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்று மாரிசன் கண்ணில் பட்டது. செய்தியில் சம்பவம் இருந்தது, அந்தத் தாயின் மனம் இல்லை. அதை எழுதிப் பார்த்துத்தான் 1987ல் 'பிலவ்ட்' என்ற நாவலைக் கொண்டுவந்தார். 1993ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

'பிலவ்ட்' மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. மாமியார் பேபி சக்ஸ், மருமகள் சேத்தி, பேத்தி டென்வர். சேத்திக்குத் தன் தாயைப் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம். தாயின் மார்புக்குக் கீழே முதலாளி போட்ட சூட்டுக்குறி ஒன்று இருந்தது. ஒருநாள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதைப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொள் என்று அந்தத் தாய் மகளுக்குக் காட்டிவிட்டுப் போகிறாள். மாட்டுக்குப் போடுகிற சூடு, மகளுக்குத் தாய் விட்டுப்போன அடையாளமாகிறது.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1937ல், சோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய நாவல் ஒன்று உண்டு. 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' என்று பெயர். அதில் அடிமையாகப் பிறந்த பாட்டி, பதினாறு வயதுப் பேத்தி ஜேனியைத் தனக்கு விருப்பமில்லாத ஒருவருக்குக் கட்டிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளைக்கு அறுபது ஏக்கர் நிலம் இருக்கிறது, அது போதும் பாட்டிக்கு. பாட்டி கெட்டவள் இல்லை. தன்னைச் சீரழித்தது முதலாளி, தன் மகளைச் சீரழித்தது பள்ளிக்கூட வாத்தியார். பேத்தியாவது ஒரு வேலிக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைக்கிறாள். பேத்திக்கோ அந்த வேலியே சிறையாகிவிடுகிறது.

நம் ஊரில் இந்தப் பாட்டியைப் பார்க்காதவர் யார்? பெரிய மனுஷியானதும் பள்ளியிலிருந்து நிறுத்தி, யாராவது ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று துடிக்கிற பாட்டி நம் தெருவிலும் உண்டு. அவளிடம் கேட்டால் காரணம் சொல்ல மாட்டாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பாள். காரணத்தை அவள் பட்டுத் தெரிந்துகொண்டது எந்த வயலில், எந்தக் களத்துமேட்டில் என்பது அவள் நெஞ்சோடு போய்விடும்.

இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அங்கே மனிதர்களைக் கப்பலில் ஏற்றி ஏலம் போட்டார்கள். இங்கே பண்ணையில் கட்டிவைத்தது கடன், கயிறு கட்டியது வழக்கம், காவல் காத்தது சாதி. அங்கே நிறத்தைப் பார்த்து விலக்கினார்கள். இங்கே ஊர் எது, தெரு எது என்று கேட்டுக்கொண்டு விலக்குகிறார்கள். ஆனால் நிறமும் நம்மை விட்டபாடில்லை. கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற ஊரில், கறுத்த பெண்ணுக்கு வரன் தேடும் வீடு படும் பாடு நமக்குத் தெரியும். நீலக் கண் கிடைத்தால் எல்லோரும் தன்னை நேசிப்பார்கள் என்று ஏங்குகிற கறுப்பினச் சிறுமியைப் பற்றி மாரிசன் 1970ல் எழுதிய முதல் நாவலை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் படித்தால் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆண்கள் போட்ட பாலம்

கறுப்பின மக்களுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பழையது. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் சமர்ப்பித்தார். 1946ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்காவின் பிளாக் பேந்தர் கட்சியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்தச் சிறுத்தை 1980களில் மதுரைக்கு வந்தது. மலைச்சாமி தலைமையில் இங்கே வேர் பிடித்து, அவர் மறைவுக்குப் பின் விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது.

இந்த வரலாறு நமக்குப் பெருமை. ஆனால் இதில் வரும் பெயர்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கையும் நம் பெண்ணின் வாழ்க்கையும் சந்தித்த இடம் மேடையும் மாநாடும் இல்லை. அது கதையில் நடந்தது. கடிதம் எழுதிக்கொள்ளாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு நாட்டுப் பெண்களும் ஒரே வேலையைச் செய்தார்கள். தங்கள் பாட்டியின் பேச்சை எழுத்தில் ஏற்றினார்கள்.

வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டி

அப்படி எழுதியவர் நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறார். விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்து வத்திராயிருப்பு அருகே உள்ள புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தார். அவருடைய 'கருக்கு' 1992ல் மதுரையில்தான் அச்சாகி வெளிவந்தது. பனை மட்டையின் இரு பக்கமும் ரம்பம்போல் இருக்கிற கருக்குதான் நூலின் பெயர். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் அது 2000ல் ஆங்கிலத்துக்குப் போய், உலகம் முழுவதும் பாடமாக வாசிக்கப்படுகிறது.

'கருக்கு' பாமாவின் சொந்தக் கதை. அதில் வரும் பாட்டிமார் நாயக்கர் வீடுகளில் தொழுவம் கூட்டிச் சாணி அள்ளுகிறவர்கள். தண்ணீரைத் தூக்கி ஊற்ற, கையை ஏந்திக் குடிக்கிறவர்கள். மிச்சச் சோறு கிடைப்பதையே பாக்கியம் என்று நினைக்கிறவர்கள். பேத்தி கோபப்படுகிறாள், பாட்டி அவளைச் சமாதானம் செய்கிறாள். அதே நூலில் அண்ணன் ஒருவர் தங்கையிடம், படித்தால்தான் நமக்கு மரியாதை என்கிறார். தங்கை வகுப்பில் முதலாவதாக வருகிறாள். ஒரே குடும்பத்தில் இரண்டு விதமான அறிவுரை. ஒன்று அடங்கிப் போகச் சொல்கிறது, இன்னொன்று படித்து மேலே வரச் சொல்கிறது. பாமாவின் அண்ணன் வேறு யாருமில்லை, ஆய்வாளரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமன்தான்.

1994ல் வந்த 'சங்கதி'யில் பாமா தன்னை விட்டுவிட்டுத் தெருப் பெண்கள் எல்லோரையும் எழுதினார். இதில் கதாநாயகி என்று ஒருத்தி கிடையாது. தெருவே பேசுகிறது, அதிலும் பெண்கள் மட்டும். அவர்களில் மூத்தவள் வெள்ளையம்மாக் கிழவி. அவள் புருஷன் கங்காணி பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. பஞ்சம் வந்தபோது தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். அதற்குப் பிறகு அவள் தாலியே கட்டவில்லை. பெண்ணுரிமை பற்றி நாம் பட்டிமன்றம் நடத்துவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு கிழவி தாலியை வயிற்றுப் பசிக்கு மாற்றிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

அதே கிழவிதான் பேத்திகளிடம், தனியாகப் போகாதே, விறகுக்குப் போனால் கூட்டத்தோடு போ என்று எச்சரிக்கிறாள். ஏன் என்பதற்கு மாரியம்மாவின் கதை இருக்கிறது. விறகு பொறுக்கிவிட்டு வந்த மாரியம்மா, தண்ணீர் குடிக்கப் பம்புசெட் பக்கம் போகிறாள். வயல்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் திமிறிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறாள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்த வயல்காரர், முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய் அவள் மேலேயே பழி போடுகிறார். மாணிக்கம் என்ற பையனோடு அவளைச் சேர்த்துப் பேசுகிறார். ஊர்க் கூட்டம் கூடுகிறது. அங்கே பெண்கள் வாய் திறக்கக் கூடாது. மாரியம்மாவுக்கு இருநூறு ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு நூறு ரூபாய். செய்யாத தப்புக்கு அவள் விழுந்து கும்பிட வேண்டும். பிறகு அந்த மாணிக்கத்துக்கே அவளைக் கட்டி வைக்கிறார்கள்.

கூலியில் ஆணுக்குப் பெண் பாதி, அபராதத்தில் பெண்ணுக்கு ஆண் பாதி. நம் வீட்டுக்கு வெளியே இருந்த அநியாயமும் வீட்டுக்குள்ளே இருந்த அநியாயமும் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் சொன்னதில்லை.

பிறகு மைக்கண்ணி வருகிறாள். பதினோரு வயது. அம்மா பிரசவத்தில் படுத்துவிட்டால் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். பாட்டி வயலில், அம்மா காட்டில், மகள் தீப்பெட்டிக் கம்பெனியில். தலைமுறை மாறுகிறது, வேலை செய்யும் இடம் மாறுகிறது, பிள்ளைப் பருவம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. நகரத்திலும் இப்படித்தான். மதுரை மாநகராட்சியில் துடைப்பம் பிடித்த தாயின் வேலை மகளுக்கும் வந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். நிலம்தான் வாரிசுக்குப் போகும் என்பார்கள். நம் வீடுகளில் வேலையும் போயிருக்கிறது, பயமும் போயிருக்கிறது.

அழுகை மட்டும்தான் இந்த நூலில் இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிணற்றில் குதித்து நீச்சலடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சடங்கு வீட்டில் குலவை போட்டுப் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்க வந்த புருஷனைத் தெருவில் நின்று வாயாலேயே விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேய் ஏன் நம் தெருப் பெண்ணையே பிடிக்கிறது, வேலையே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவர்களை ஏன் பிடிப்பதில்லை என்று யோசிக்கிற பேத்தி இருக்கிறாள். அந்தக் கேள்வி பாட்டிக்குத் தோன்றவில்லை. படித்த பேத்திக்குத் தோன்றுகிறது. ஆனால் பாட்டி கதை சொல்லாமல் இருந்திருந்தால் பேத்திக்குக் கேட்பதற்குக் கேள்வியும் இருந்திருக்காது.

தங்கமும் கௌரியும்

பாமாவுக்கு முன்பே எழுத வந்தவர் ப. சிவகாமி. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், 2008ல் அந்தப் பதவியை விட்டு வெளியே வந்தார். 1989ல் வந்த அவருடைய 'பழையன கழிதலும்' நாவலில் தங்கம் என்ற விதவைப் பெண் வருகிறாள். நிலக்காரர் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறார். அவர் மனைவியின் சகோதரர்கள் அவளை அடித்து நொறுக்குகிறார்கள். நியாயம் கேட்டு அவள் போய் நிற்பது சொந்தச் சாதித் தலைவர் காத்தமுத்து வீட்டு வாசலில். அவர் வழக்கு நடத்துகிறார், நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கிறார். கடைசியில் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார், அவருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருந்தும்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் காத்தமுத்துவின் மகள் கௌரி. அப்பாவின் வீரத்தையும் பார்க்கிறாள், அம்மாக்கள் படும் அடியையும் பார்க்கிறாள். படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். சிவகாமியின் அடுத்த நாவல் 'ஆனந்தாயி'யில் மாமியார், மருமகள், மகள்கள் எல்லோரும் ஒரே ஆணின் கைக்குள் அடைபட்டுக் கிடக்கிற வீட்டைப் பார்க்கிறோம்.

வீட்டு விஷயத்தை வீதிக்கு இழுக்கலாமா?

இந்த நூல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் ஆட்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஊரே நம்மை இழிவாகப் பேசுகிறது, நாமும் நம் வீட்டுக் குறையை அச்சடித்துக் கொடுக்க வேண்டுமா? இதை உதறிவிட முடியாது. 'கருக்கு' வந்த புதிதில் பாமாவின் சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அந்த நூலைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது. சிவகாமி தலித் தலைவரைக் குறைசொல்லிவிட்டார் என்று பேச்சு வந்தது. அவர் தன் நாவலைத் தானே திரும்ப விசாரித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலே எழுதினார்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. வாரக்குத்தகைக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்த ஆலிஸ் வாக்கர் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்', 1983ல் புலிட்சர் பரிசு பெற்றது. வீட்டுக்குள் சீரழிக்கப்பட்ட ஒரு பெண், சொல்ல ஆளில்லாமல் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிற கதை. 1985ல் அது படமாக வந்தபோது, கறுப்பின ஆண்களை மிருகங்களாகக் காட்டுகிறது என்று கறுப்பின மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது.

நம் நிலை இதுதான். வெளியே அடிபட்டு வரும் ஆண், அந்த அடியை வீட்டில் இறக்கி வைக்கிறான். இரண்டு அடிக்கும் மூலம் ஒன்று என்பது உண்மை. ஆனால் இரண்டாவது அடியும் வலிக்கத்தான் செய்யும். ஊர்க் கூட்டத்தில் மாரியம்மா வாய் திறக்கக் கூடாது என்றோம். இப்போது பாமாவும் சிவகாமியும் எழுதக் கூடாது என்றால் அதே கூட்டத்தை மறுபடியும் கூட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். மானம் போய்விடும் என்கிற பயத்தால்தான் அந்த வயல்காரர் தப்பித்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாடத்திலிருந்து எடுத்தார்கள்

வெளியே இருந்து வரும் எதிர்ப்பு வேறு மாதிரி. 2021 ஆகஸ்ட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி' பகுதியையும் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் அதோடு போனது. ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள், எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். அமெரிக்காவில் மாரிசனின் முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ'யைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி இன்றைக்கும் புகார்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

புத்தகத்தைப் பார்த்து ஏன் பயப்படுகிறார்கள் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். ஒரு கொடுமையைச் செய்தியாகப் படித்தால் மறுநாள் மறந்துவிடலாம். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்குக் கட்டில் நேரம் இருக்கிறது, காயத்தின் ஆழம் இருக்கிறது, சாட்சி சொன்னவர்கள் வரிசை இருக்கிறது. அதற்கு மறுநாள் காலை அந்த வீடுகளில் அடுப்பை யார் பற்றவைத்தார்கள், பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள், அந்தப் பிள்ளைகளில் மகள்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது எந்தக் கட்டிலும் இருக்காது. மார்கரெட் கார்னரின் செய்தியிலிருந்து மாரிசன் நாவலுக்குப் போன தூரம் அதுதான். அந்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்த வாசகர் பழைய ஆளாகத் திரும்புவது கஷ்டம்.

தைரியத்தை எடுத்துக்கொள்வோம், பயத்தை இறக்கி வைப்போம்

இந்த நாவல்களையெல்லாம் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது. நம் பாட்டிமார் சொத்து எதுவும் விட்டுப் போகவில்லை என்பது தப்புக் கணக்கு. தைரியத்தையும் பயத்தையும் ஒரே முடிச்சில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளையம்மா தாலியை விற்ற தைரியமும் அவளுடையது, தனியாகப் போகாதே என்ற பயமும் அவளுடையது. முடிச்சை அவிழ்த்துப் பார்க்காமலே நாம் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிடுகிறோம். மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிற தாய், அன்பினால் நிறுத்துகிறோம் என்றுதான் நினைக்கிறாள். அது ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு பம்புசெட்டில் பிறந்த பயம் என்பது அவளுக்கே தெரியாது. கதை தெரிந்தால் பயத்தைத் தனியே எடுத்து வைக்கலாம்.

'பிலவ்ட்' நாவலின் கடைசிப் பகுதியில் பேத்தி டென்வர் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறாள். வெளியே போகப் பயம். செத்துப்போன பாட்டி பேபி சக்ஸின் குரல் அவளுக்குக் கேட்கிறது. வெளியே ஆபத்தே இல்லை என்று பாட்டி பொய் சொல்லவில்லை. ஆபத்தைத் தெரிந்துகொண்டே வெளியே போ என்கிறாள். டென்வர் படி இறங்கி வேலை தேடிப் போகிறாள். 'சங்கதி'யின் பேத்தியும் படித்து, வேலை பார்த்து, தனியாக வாழ்ந்து காட்டுகிறாள். கௌரியும் வீட்டை விட்டுப் படிக்கப் போகிறாள். மூன்று பேத்திகளும் பாட்டியை மறுத்துவிட்டுப் போனவர்கள் இல்லை, பாட்டியின் கதையைக் கேட்டு முடித்துவிட்டுப் போனவர்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் சாதாரணமானவை. மதுரை, சுற்று மாவட்டங்களில் உள்ள ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஒவ்வொன்றிலும், முக்கியமாக மாணவியர் விடுதிகளில், பாமா, சிவகாமி நூல்கள் பூட்டாத அலமாரியில் இருக்க வேண்டும். ஊர்ப்புற நூலகங்களுக்கும் அவை வர வேண்டும். 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத மூத்த பெண்களின் பேச்சைப் பதிவு செய்து பாதுகாக்க ஒரு பிரிவு தொடங்கலாம். கல்லூரித் தமிழ்த் துறைகள் மாணவர் ஆய்வேடுகளில் இந்த வேலையைச் சேர்க்கலாம். ஆதிதிராவிடர் எழுத்தாளர்களின் நூல் வெளியீட்டுக்கு அரசு தரும் நிதியுதவியைக் கிராமத்து இளம்பெண்களுக்குத் தெரியப்படுத்துவதும் அதிகாரிகளின் கடமை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. சுதந்திரம் வந்த காலத்தில் பிறந்தவர்கள் இப்போது எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் உட்காருங்கள். முதல் கூலி எத்தனை படி நெல், யார் அளந்தார்கள்? நடவில் பிள்ளையை எந்த மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டாய்? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை? எந்தப் பாதையில் போகப் பயந்தாய், ஏன்? எதற்கு வயிறு வலிக்கச் சிரித்தாய்? கேளுங்கள், பதிவு செய்யுங்கள். அவர் சொல்லத் தயங்குவதை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். எழுதுவதாக இருந்தால் அனுமதி வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். அவர் பேசிய பேச்சை மட்டும் மாற்ற வேண்டாம். கம்மாய் என்றால் கம்மாய்தான்.

ஹர்ஸ்டன் 1960ல் வறுமையில் இறந்து, கல்லில்லாத குழியில் கிடந்தார். 1973ல் ஆலிஸ் வாக்கர் புளோரிடாவுக்குப் போய், முள்ளும் புல்லும் மண்டிய மயானத்தில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தன் செலவில் பெயர் பொறித்த கல் நட்டார். பேத்தி வயதில் இருந்தவர், ரத்த சொந்தமில்லாத ஒரு பாட்டிக்குச் செய்த மரியாதை அது. நம்மால் எல்லாப் பாட்டிக்கும் கல் நட முடியாது, பெயரையாவது எழுதி வைக்க முடியும். உங்கள் பாட்டியைப் பெற்றவரின் பெயர், ஊர், அவர் செய்த வேலை. மூன்றையும் ஒரு தபால் கார்டில் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள். சொல்லக்கூடியவர் திண்ணையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.